காஸ் எங்கே போகும்?

(வீட்டில் ஏசி பாவிப்பவர்களுக்காக முல்லைத்தீவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏசி குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டால், வந்தவர் செருப்பைக் கழற்ற முன்னமே ஒரு வசனம் சொல்லுவார்: "காஸ் முடிஞ்சுபோச்சு அம்மா." தண்ணி ஒழுகினாலும் காஸ்தான். அறை மணத்தாலும் காஸ்தான். நாங்களும் தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுக்கிறோம். குசினியில் இருக்கிற சிலிண்டர் மாதத்துக்கு மாதம் முடிவதைப் பார்த்துப் பழகிய கண், இதுவும் முடியும்தானே என்று நம்பிவிடுகிறது.

குசினிக் காஸ் எரிந்து போகிறது. ஏசிக்குள் இருக்கும் காஸ் எரிவதில்லை, தேய்வதில்லை. அறைக்குள் இருக்கும் கொயிலில் ஆவியாகி வெப்பத்தை எடுக்கும். வெளிப்பெட்டியில் திரும்பவும் திரவமாகி அந்த வெப்பத்தை விடும். மூடிய செப்புக் குழாய்க்குள் அதே காஸ் பதினைந்து வருடம் சுற்றினாலும் ஒரு கிராம் குறையத் தேவையில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் காஸ் அடித்தால், புதுக் காஸும் அந்த வழியாலேயே போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காஸ் அடிக்கிற வீடுகள் இந்தக் கரையில் நிறைய இருக்கின்றன. அவர்கள் அதைச் சேர்விஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டையின் கதைக்குக் கடைசியில் வருகிறேன். ஏனென்றால் கொக்கிளாயிலிருந்து சுண்டிக்குளம் வரை உள்ள எங்கள் கரையில் ஏசிக்கு வருகிற வருத்தங்களில் அதிகமானவை காஸோடு சம்பந்தப்பட்டவையே அல்ல. ஈரம், உப்பு, கரண்ட். இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் காஸில் சந்தேகப்பட வேண்டும்.

முதலில் ஈரம். ஏசி என்றால் குளிர வைக்கிற மெசின் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1902ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியியலாளர் இதை முதலில் வடிவமைத்தது மனிதருக்குக் குளிர்காட்ட அல்ல. நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் வெக்கைக் காலத்து ஈரத்தில் கடதாசி உப்பிப்போய், ஒரு நிறத்துக்கு மேல் அடுத்த நிறம் சரியாக விழவில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தைக் கட்டுப்படுத்தித் தரும்படி கேட்டார்கள், அவர் செய்து கொடுத்தார். குளிர் கூடவே வந்தது. அந்த அச்சகத்தின் பிரச்சினைதான் முல்லைத்தீவின் பிரச்சினை.

ஒரு கணக்கு சொல்கிறேன், பயப்பட வேண்டாம். வெளியே 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்று வையுங்கள்; எங்களுக்கு அது சாதாரண இரவு. அந்தக் காற்றில் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 24 கிராம் தண்ணி ஆவியாக இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லீற்றருக்கு மேல் தண்ணி மிதக்கிறது. அந்த ஆவியைத் தண்ணியாக்க ஏசி பெரிய விலை கொடுக்கிறது. ஒரு லீற்றர் தண்ணியை வடித்தெடுக்கும் சக்தியில், அந்த அறைக் காற்று முழுவதையும் பத்துப் பாகையால் ஐந்தாறு தடவை குளிர்விக்கலாம். 12,000 பீ.ரி.யு. ஏசி ஒன்றின் வேலையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்துக்கே போனால், மணிக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் பைப்பால் ஓடும். விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு வாளி.

இதிலிருந்து இரண்டு விசயம். ஒன்று, ஈரமான நாளில் ஏசி வாயிலிருந்து வரும் காற்று வறண்ட நாளில் வருகிற அளவுக்குக் குளிராது. வவுனியாவில் ஆடி மாதம் உள்ளே இழுக்கிற காற்றுக்கும் வெளியே தள்ளுகிற காற்றுக்கும் 12 பாகை வித்தியாசம் காட்டுகிற அதே மெசின், சிலாவத்தையில் மழைக்கால இரவில் எட்டுத்தான் காட்டும். மெசின் பழுதில்லை, அது தண்ணி வடித்துக்கொண்டு நிற்கிறது. "போன மாதம் நல்லாக் குளிர்ந்தது, இப்ப குளிரேல்ல" என்று சொல்ல முன்னம் வானத்தைப் பாருங்கள்.

மற்றது, பெரிய ஏசி வாங்கினால் நல்லது என்ற எண்ணம். கடையில் அதைத்தான் சொல்லித் தருவார்கள். சின்ன அறைக்கு 18,000 பூட்டினால் ஐந்து நிமிடத்தில் கேட்ட குளிருக்கு வந்து கொம்பிரசர் நின்றுவிடும். ஈரம் வடிக்க நேரமே கிடையாது. அறை குளிரும், ஆனால் படுக்கைவிரிப்பு நசநசவென்று இருக்கும். உடனே 18 பாகைக்கு இறக்குவோம், அது இன்னும் மோசம். அளவான ஏசியை 25, 26இல் வைத்து, மேலே மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கு அது போதும். மழைக்காலத்தில் வெக்கை இல்லாமல் புழுக்கம் மட்டும் இருக்கும்போது றிமோட்டில் ஒரு தண்ணித்துளிப் படம் இருக்கும், அதை அமத்துங்கள். காற்றை மெதுவாக ஓட்டி ஈரத்தை வடிக்கிற முறை அது. எத்தனை வீட்டில் அந்தப் பொத்தான் ஒருநாளும் தொடாமல் புதிதாக இருக்கிறது தெரியுமா?

அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்த பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா உதவியோடு கட்டின வீடுகளும், மற்றத் திட்டங்களில் வந்த வீடுகளும்தான் வன்னியில் அதிகம். ஓடு அல்லது சீற் கூரை. பல வீட்டில் சீலிங் இல்லை. அறைச் சுவர் கூரை வரை போகாது, அல்லது சுவருக்கு மேலே காற்றுத் துவாரம் விட்டிருக்கும். ஏசி இல்லாத காலத்துக்கு அது சரியான கட்டட அறிவு. ஆனால் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஆவணியில் கோயில் திருவிழாவுக்கு வந்த மகன், அம்மா அப்பா வெக்கையில் படுக்கிறார்களே என்று மனம் பொறுக்காமல் அதே அறையில் ஒரு ஏசியைப் பூட்டிவிட்டுப் போகிறான். அந்த ஏசி முல்லைத்தீவுக் கடலையே வடித்து முடிக்கப் பார்க்கிறது. இரவு முழுக்கக் கொம்பிரசர் நிற்காது. பில் வந்ததும் அப்பா சுவிச்சை நிப்பாட்டிவிடுவார்.

ஏசிக்குக் காசு செலவழிக்க முன்னம் சீலிங் அடியுங்கள். துவாரங்களை அடையுங்கள். கதவுக்குக் கீழே பழைய சீலையைச் சுருட்டி வையுங்கள். யன்னல் நீக்கலுக்கு றப்பர் பட்டி ஒட்டுங்கள். கடைக்காரர் உங்களுக்கு இதைச் சொல்லமாட்டார், அவர் சீலிங் விற்பதில்லை.

சரி, இப்போது ஒழுகல். சுவரில் இருக்கிற உள்பெட்டியிலிருந்து தண்ணி கட்டிலில் சொட்டுகிறது என்ற முறைப்பாடுதான் இந்தக் கரையில் முதலிடம். அலம்பில் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். ஒழுகுகிறது என்று இரண்டு தடவை காஸ் அடித்திருக்கிறார்கள். உள்பெட்டியைத் திறக்க முன்னம் வளவுக்குப் போய், ட்ரெயின் பைப் எங்கே முடிகிறது என்று பார்த்தேன். முற்றம் சேறாகிறது என்று அந்த வீட்டு ஐயா பைப்பின் நுனியை ஒரு இருபது லீற்றர் பிளாஸ்ரிக் கானுக்குள் விட்டிருந்தார். நல்ல எண்ணம், கத்தரிக்கன்றுக்கு ஊற்றலாம் என்று. கானில் தண்ணி ஏற நுனி மூழ்கிவிட்டது. பைப்புக்குள் இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை, மேலே இருந்து வருகிற தண்ணிக்கு இறங்க வழியில்லை. உள்தட்டு நிரம்பிக் கட்டிலில் கொட்டியது. பைப்பை ஒரு சாண் மேலே வெட்டிவிட்டேன். அதுதான் திருத்தவேலை முழுவதும். ஐயா என்னை நம்பாமல் கானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ட்ரெயின் பைப்பில் நடக்கிற கோளாறுகள் எல்லாம் இந்த மாதிரித்தான். உள்ளே பாசிக்கூழ் கட்டும். வெளி நுனியில் குளவி மண்கூடு வைக்கும். பைப் நடுவில் தொய்ந்து தண்ணி தேங்கும். வெளி நுனியில் ஒரு துண்டு நுளம்புவலையைத் தளர்வாகக் கட்டினால் குளவி வராது. அடைத்துவிட்டால் வெளிப்பக்கமிருந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே ஊதினால் அழுக்கெல்லாம் திரும்பத் தட்டுக்குள் போகும். பெட்டியிலிருந்து அல்லாமல் சுவரோரம் ஓடும் செப்புக் குழாயிலிருந்து தண்ணி சொட்டினால், மேலே சுற்றின கறுப்பு நுரையுறை கிழிந்திருக்கிறது. 30 பாகை, 80 வீதக் காற்றில் 26 பாகைக்குக் கீழ்ப்பட்ட எந்தப் பொருளிலும் தண்ணி வியர்க்கும். குழாய் பத்துப் பாகையில் இருக்கிறது. உறையை மாற்றினால் முடிந்தது.

அந்த 26 பாகை விசயம் இன்னொரு இடத்திலும் கடிக்கும். இரவு முழுக்கக் குளிர்ந்த அறையை விடிய எழும்பினதும் "நல்ல காற்று வரட்டும்" என்று திறந்துவிடுகிறோம். சுவரும் அலுமாரிக் கதவும் இன்னும் 23, 24இல் இருக்கும். கடற்காற்று வந்து பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம். ஒவ்வொரு நாளும் இப்படி நடந்தால் கூறைச்சேலையில் பூஞ்சணம் வராமல் என்ன செய்யும்? ஏசியை நிப்பாட்டி, அறை தானாக இளஞ்சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். அறை மணக்கிறது என்றாலும் காரணம் பெரும்பாலும் பூஞ்சணம்தான், உள்பெட்டியின் உருளை விசிறியில் கறுப்பாகப் படிந்திருக்கும். வாசனைத் திரவம் விசிறுவதை விட்டுவிட்டு விசிறியைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். நிப்பாட்ட முன்னம் இருபது நிமிடம் குளிர் இல்லாமல் காற்றை மட்டும் ஓடவிட்டால் கொயில் காயும், மணம் குறையும்.

அடுத்தது ஐஸ். உள்பெட்டிக் கொயிலில் ஐஸ் கட்டிவிட்டால் காற்று வராது. நிப்பாட்டினதும் உருகி ஒழுகும். கத்தியால் சுரண்ட வேண்டாம், அலுமினியத்துக்குள் செப்புக்குழாய் இருக்கிறது. குளிரை நிப்பாட்டி விசிறியை மட்டும் ஓட்டி உருகவிடுங்கள். பிறகு வெளிப்பெட்டிக்குப் போங்கள். பக்கத்தில் இரண்டு செப்புக் குழாய்கள் பூட்டியிருக்கும், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. ஏசி ஓடிப் பத்து நிமிடத்துக்குப் பிறகு தடித்த குழாயைத் தொட்டால் குளிராக, வியர்த்து இருக்க வேண்டும். அது ஐஸ் கட்டிக் கொம்பிரசர் வரை வெள்ளையாக இருந்தால் உள்ளே காற்றோட்டம் போதாது. பில்டரில் தூசி அடைத்திருக்கும். மெல்லிய குழாயில் மட்டும் வெள்ளையாகப் பனி பிடித்து, தடித்த குழாய் காய்ந்து சூடாக இருந்தால் காஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். கையால் தொட்டுப் பார்க்கிற இந்தச் சோதனைக்குக் காசு தேவையில்லை. வருகிறவர் இதைச் செய்யாமலே காஸ் என்று சொன்னால், அவர் உங்கள் மெசினைப் பார்த்துச் சொல்லவில்லை.

பில்டரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை பச்சைத் தண்ணியில் கழுவி நிழலில் காயவிடுங்கள். இதற்கு ஆள் தேவையில்லை. பத்து வயதுப் பிள்ளை செய்யும்.

உப்புக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எங்கள் ஏசிகள் சாகிறது இதால்தான். ஆனையிறவில் பாத்தி கட்டி விளைவிக்கிற அதே உப்பு, அலை உடைகிற இடத்தில் நுண்துளியாகக் கிளம்பிக் காற்றோடு வருகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றரில் அதன் செறிவு மிக அதிகம். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளில் அது படிகிறது. காய்ந்த உப்பு பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து உவர்நீராகிவிடும். மார்கழியில் குசினி உப்புப் போத்தலுக்குள் நடக்கிறதும் இதுதான். செப்பும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் அந்த உவர்நீர் நின்றால் ஒரு சின்ன மின்கலம் உருவாகும், தோற்கிறது அலுமினியம். தகடு வெள்ளை மாவாக உதிரும். விரலால் தட்டினால் கொட்டும். பிறகு அந்தக் கொயில் வெப்பத்தை விடாது, கொம்பிரசர் கொதிக்கும், கரண்ட் கூட இழுக்கும், ஒருநாள் நிற்கும். சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரையோரம் இருப்பவர்களைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்லுவார்கள்.

இதற்குச் செய்யக்கூடியதில் பாதி, பூட்டுகிற நாளிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் கரை கிழக்கும் வடகிழக்கும் பார்த்தது. ஐப்பசிக்குப் பிறகு வாடை நேராகக் கடலிலிருந்து அடிக்கும். சோளகம் தரையால் வரும், அதில் தூசி இருக்கும், உப்புக் குறைவு. ஆகவே வெளிப்பெட்டியைக் கடல் பார்த்த சுவரில் பூட்டாதீர்கள். வீட்டின் மறுபக்கம், மேற்கிலோ தெற்கிலோ பூட்டுங்கள். "மேற்கில் வெயில் அடிக்குமே" என்று கேட்பீர்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வருகிற நாட்களில் வெயில் பொல்லாததுதான். ஆனால் வெயிலுக்குப் பெட்டியின் மேலே ஒரு தகரத் தாழ்வாரம் இறக்கலாம், உப்புக்கு ஒன்றும் இறக்க முடியாது. வெயிலா உப்பா என்று வந்தால் கரையோரத்தில் நான் வெயிலைத்தான் தெரிவேன். பெட்டிக்கு முன்னாலும் பின்னாலும் காற்றுப் போக இடம் விடவேண்டும். தாழ்வாரத்தை மூக்குக்கு முன்னே இறக்கிவிட்டால் சூட்டுக்காற்று திரும்பி உள்ளே போகும்.

வாங்கும்போது தகடுகள் நீலமாகவோ பொன்னிறமாகவோ பூச்சுப் பூசியவையா, குழாய் செப்பா என்று கேளுங்கள். பூச்சு உப்பை நிறுத்தாது, பிந்த வைக்கும். தாங்கியும் நட்டும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும்.

மற்றப் பாதி, கழுவுவது. மாதம் ஒருமுறை, வாடைக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மெயினை நிப்பாட்டிவிட்டு வெளிப்பெட்டித் தகடுகளில் சாதாரண ஹோசால் மெதுவாக நல்ல தண்ணி அடியுங்கள். "நல்ல தண்ணி" என்பதைக் கவனியுங்கள். கரையோரக் கிணறுகள் பல உவர். உவர்க் கிணற்றுத் தண்ணியால் கழுவினால் உப்புக்கு உப்பு. மழைத்தண்ணி பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது கிடையாது. வாகனம் கழுவுகிற பிரஷர் மெசினைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், தகடுகள் படுத்துவிடும்.

இன்னொன்று. மகன் திரும்பிப் போனதும், "அடுத்த ஆவணி வரை பழுதாகாமல் இருக்கட்டும்" என்று வெளிப்பெட்டியைத் தறப்பாளால் சுற்றிக் கயிறு கட்டி வைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. வன்னிச் சனத்துக்குத் தறப்பாளில் இருக்கிற நம்பிக்கை எனக்கு விளங்கும். ஒரு காலம் அது எங்களுக்கு வீடாகவே இருந்தது. ஆனால் ஏசிக்கு அது கூடாது. உள்ளே உப்பும் ஈரமும் சேர்ந்து வேகும். எலி வந்து குட்டிபோடும், வயரைக் கடிக்கும். பல்லி மின்சுற்றுப் பலகையில் ஏறிக் கருகிக் கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன். அவிழ்த்துவிடுங்கள். வேண்டுமென்றால் மேல்பக்கத்தை மட்டும் மூடுங்கள். மாதத்தில் ஒருநாள் ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள், அம்மா. பில்லில் அது தெரியாது.

சிலர் கிளிநொச்சியிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உப்புக் கவலை குறைவு, தூசிக் கவலை கூட. சோளகத்தில் கிரவல் றோட்டுப் புழுதி. இரணைமடுக் குளத்தின் கீழே காலபோக அறுவடைக்கு மெசின் இறங்கினால் பதரும் தூசும் பறந்து வெளிப்பெட்டியின் முதுகில் கம்பளி போர்த்தினதுபோல் படியும். அறுவடை முடிந்த கிழமை கழுவினால் போதும். வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல்: 2018 மார்கழியிலும் 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயலோடும் தண்ணி வந்த உயரம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெட்டியை அதற்கு மேலே பூட்டுங்கள். மூழ்கிவிட்டால், காய்ந்துவிட்டது என்று சுவிச் போட்டுப் பார்க்க வேண்டாம். மின் வேலைக்காரர் காவலெதிர்ப்பை அளந்து சொல்லும்வரை தொடாதீர்கள்.

கரண்ட். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட தலைமுறை இந்த மண்டபத்தில் பாதிப்பேர் இருக்கிறீர்கள். இப்போது கரண்ட் இருக்கிறது, ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் வருவதில்லை. 230 வோல்ற் வர வேண்டும். ஆறு வீதம் கூடலாம், குறையலாம். மின்மாற்றியிலிருந்து தூரத்தில், லைன் முடிகிற இடத்தில் உள்ள வீட்டில் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு அது 200க்குக் கீழே இறங்கும். அப்போது பழைய மாதிரி ஏசியின் வெளிப்பெட்டி "ம்ம்ம்" என்று முனகி, சில செக்கனில் "டிக்" என்று நிற்கும். கொஞ்சம் பொறுத்துத் திரும்ப முனகும். கொம்பிரசர் கிளம்பப் பார்த்து முடியாமல் நிற்கிற சத்தம் அது. வோல்ற்றேஜ் குறைவாக இருக்கலாம், அல்லது கப்பாசிட்டர் பலமிழந்திருக்கலாம். கப்பாசிட்டர் கைக்குள் அடங்குகிற சின்ன உருளை, பெரிய விலையில்லை. மேல்மூடி உப்பியிருந்தால் பார்த்தவுடனேயே தெரியும். ஆனால் நிப்பாட்டின பிறகும் அதில் கரண்ட் தேங்கி நிற்கும், ஆகவே நீங்கள் கழற்ற வேண்டாம். இதை மாற்றாமல் முனக முனக விட்டால் கொம்பிரசர் எரியும். பிறகு புது ஏசிதான். பின்னேரத்தில் மட்டும் இப்படி நடந்தால் வோல்ற்றை அளந்து எழுதி வைத்துக்கொண்டு மின்சார அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். வெறுங்கையோடு போவதைவிட ஒரு கடதாசியில் நாலு நாள் அளவோடு போவது வேறு.

கரண்ட் போய் வந்ததும் உடனே ஏசியைப் போடாதீர்கள், ஐந்து நிமிடம் விடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கினால் றிமோட்டால் நிப்பாட்டுவது போதாது, மெயினை நிப்பாட்டுங்கள். மழைக்கு ட்ரிப் சுவிச் விழுகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. வெளிப்பெட்டி இணைப்பில் ஈரம் புகுந்திருக்கும். ட்ரிப் சுவிச்சைச் சுற்றி நேரே வயர் கொடுத்து "பிரச்சினை தீர்ந்தது" என்று போகிற ஆளை வளவுக்குள் விடாதீர்கள். எர்த் கம்பி இறக்கின மணல் சோளகத்தில் காய்ந்து கிடக்கும் இடங்கள் இவை; எர்த்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பில்லைப் பற்றிச் சுருக்கமாக. 2022 ஆவணியில் 75 வீதம், 2023 மாசியில் 66 வீதம் என்று கட்டணம் ஏறினதை யாரும் மறக்கவில்லை. பிறகு இறங்கியும் ஏறியும் இருக்கிறது. மாதம் 180 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு உயர்ந்த விலை. ஒரு கிலோவொற் இழுக்கிற ஏசி, நிற்காமல் இரவு எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதம் 240 அலகு. சீலிங் அடித்து, 26இல் வைத்து, இன்வேர்ட்டர் ஏசியும் பாவித்தால் அதில் பாதியளவுக்குக் கொண்டுவர முடியும்.

இனி ஓட்டையின் கதை. காஸ் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். கரையோரத்தில் நான் பார்க்கிற கசிவுகளில் முதலாவது, குழாய் பூட்டின நட்டு இணைப்பு. பூட்டின அன்றே சரியாக இறுக்காதது. மற்றது உள்பெட்டிக் கொயிலில் ஊசித்துளை. புதுப் பலகை அலுமாரி, பெயின்ற் இவற்றிலிருந்து வருகிற அமில ஆவி ஈரத்தோடு சேர்ந்தால் செப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே துளைத்துக்கொண்டு போகும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் பளபளப்பாக இருக்கும்.

முறையாகச் செய்கிறவர் நைதரசனை அழுத்தி நிரப்பி, இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். அடைத்த பிறகு வெற்றிடப் பம்பைப் பூட்டி உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரை மணித்தியாலமாவது இழுத்தெடுப்பார். எங்கள் காற்று எவ்வளவு ஈரம் என்று சொன்னேனே, அது குழாய்க்குள் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரசரின் சுருளைத் தின்னும். பம்ப் கொண்டுவராமல், கொஞ்சக் காஸைத் திறந்துவிட்டு "காற்று போயிட்டுது" என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு தராசில் சிலிண்டரை வைத்து, பெட்டியில் எழுதியிருக்கிற கிராம் அளவுக்குக் காஸ் விடவேண்டும். எந்தக் காஸ் என்பதும் அந்தப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். ஆர்-22 பழைய மெசின்களில். ஓசோன் படையைக் காக்க 1987இல் செய்த மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் அது உலகம் முழுக்கப் படிப்படியாகப் பாவனையிலிருந்து நீக்கப்படுகிறது. ஆர்-410ஏ அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடும். இப்போது வருகிற ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. அது இருக்கிற இடத்தில் பீடி பற்றவைக்கக்கூடாது, காஸ் முழுவதையும் எடுக்காமல் குழாய்க்குச் சுடர் பிடிக்கக்கூடாது. ஒன்றுக்குள் மற்றதை விட்டால் மெசினே கெட்டுவிடும்.

ஆகவே அவர் காஸ் அடிக்க வேண்டும் என்றால் மறிக்காதீர்கள். "தம்பி, எந்த இடத்தால போனது எண்டு காட்டுங்கோ" என்று கேளுங்கள். காட்டினால் நல்ல வேலைக்காரர். பிறகு, காசு கொடுக்க முன்னம், எந்தக் காஸ், எத்தனை கிராம், எந்தத் திகதி, எந்த இணைப்பு அடைத்தது என்று ஒரு துண்டில் எழுதி வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். தண்ணியில் நனைந்தாலும் அழியாத மையாக இருக்கட்டும்; அடுத்த வாடைக்குத் தாங்க வேண்டும்.